‘உண்டேன்’ என்று சொல்லும் முகம்

ஜூன் 9

பம்ப் கம்பெனியை விட்டு வந்து நாற்பது நாள். இன்றுதான் ஒரு முகம் ஒழுங்காக உட்கார்ந்தது. டக் என்று ஒரு சத்தம். பொம்மையின் மண்டையில் இரண்டு காந்தம், முகத்தின் பின்பக்கம் இரண்டு காந்தம். கிட்டக் கொண்டுபோனாலே தானாக இழுத்துக்கொள்கிறது. கழற்றினேன், மாட்டினேன், கழற்றினேன், மாட்டினேன். நாற்பது தடவை. மயிரிழை நகரவில்லை. கத்திவிட்டேன்.

பர்வீன் தலையைத் தூக்கி, “என்ன இன்ஜினியர், பம்ப்ல தண்ணி வந்துருச்சா?” என்றாள். அவள்தான் பொம்மையை அசைப்பவள். இம்மியளவு நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி ஒரு படம். விநாடிக்குப் பன்னிரண்டு நிலை. நமக்கெல்லாம் அந்தப் பொறுமை கிடையாது. முகம் செய்வதோடு என் வேலை முடிந்தது.

லோகண்ணன்தான் இயக்குநர். தினமும் குறிப்பு எழுதச் சொல்கிறார். என்ன தப்பு செய்தோம் என்று பிறகு தெரிய வேண்டுமாம். எழுதுகிறேன்.

படம் எட்டு நிமிடம். விசைத்தறிக் கூடத்தில் எதிரெதிர் தறியில் நிற்கும் ருக்கு, தெய்வானை என்ற இரண்டு பெண்கள். தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது. முகத்தாலும் உதட்டாலும்தான் பேச்சு. எங்கள் சோமனூரில் எல்லாத் தறிக்கூடத்திலும் இப்படித்தான். அதனால்தான் லோகண்ணன் என்னைப் பிடித்தார். எனக்குத் தறியில் ஆர்வமில்லை, காந்தத்தில்தான் ஆர்வம் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

முதலில் இருபது விநாடி மாதிரி. ஜூலை 28க்குள் சென்னைத் தயாரிப்பாளர்களுக்குப் போக வேண்டும். இரண்டு குழுவில் ஒன்றைத்தான் எடுப்பார்கள். எடுத்தால் ஒரு வருட வேலை. இல்லையென்றால் லோகண்ணன் கல்யாண ஆல்பத்துக்குத் திரும்பிவிடுவார். பர்வீனைப் பெங்களூரில் கூப்பிடுகிறார்கள். நான்? கம்பெனியில் என் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று.

அப்பா கூப்பிட்டார். கம்பெனியில் புது அச்சு, வேலை அதிகம் என்றேன்.

ஜூன் 12

துணி ஒரு வாளி ஊறுகிறது. நேற்றும் ஊறியது.

ஜூன் 14

முப்பரிமாணப் பிரிண்டரில் இருபத்திரண்டு வாய் (முகத்தின் கீழ்பாதி) அச்சாகி வந்தன. காந்தம் ஒட்டி, காயவைத்து, லோகண்ணனைக் கூப்பிட்டுப் பெருமையாக மாட்டிக் காட்டினேன். முகம் மண்டையை விட்டுத் துள்ளிப்போய் அவர் டீக்குள் விழுந்தது. அடுத்ததும் துள்ளியது. அதற்கடுத்ததும். மொத்தக் காந்தத்தையும் தலைகீழாக ஒட்டியிருக்கிறேன்.

“ருக்குவுக்கு உங்களைக் கண்டாலே ஆகல,” என்றாள் பர்வீன்.

இருபத்திரண்டையும் சுரண்டி எடுத்து ஒட்டினேன். விரல் நுனி எல்லாம் பசை. ஆனால் இப்போது பார்க்க வேண்டுமே! டக். டக். டக்.

ஜூன் 19

கணக்கு இதுதான். முகத்தைக் கண்ணுக்குக் குறுக்கே இரண்டாக வெட்டியிருக்கிறேன். மேல்பாதி புருவம், கீழ்பாதி வாய். புருவம் பதினான்கு, வாய் இருபத்திரண்டு. பெருக்கினால் முன்னூற்றெட்டு முகம்! வெட்டுக்கோட்டைப் பிறகு கணினியில் அழித்துவிடலாம். ஒவ்வொரு முகமாகச் செய்திருந்தால் தீபாவளி வந்திருக்கும். இன்னொரு சிக்கனமும் செய்தேன். பாதி முகத்தை மட்டும் வரைந்து, ‘மிரர்’ கொடுத்து மறுபாதியை எடுத்தேன். பம்ப் மூடிக்கு அப்படித்தான் செய்வோம்.

சாயங்காலம் ஓட்டிப் பார்த்தோம். தெய்வானை ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய், “உண்டியா?” என்று கேட்கிறாள். அருமை. ருக்கு, “உண்டேன்” என்கிறாள். இங்கேதான் உதைக்கிறது. ருக்கு உண்ணவில்லை. பொய் சொல்கிறாள். பார்ப்பவனுக்கு அது தெரிய வேண்டும், தெய்வானைக்குத் தெரியக் கூடாது. மாதிரியின் உயிரே அதுதான்.

சிரித்த வாய் போட்டால் நிஜமாகவே நாலு தோசை தின்றவள் மாதிரி இருக்கிறாள். சோகப் புருவம் போட்டால் வயிற்றுவலி.

“செத்தவளுக்குப் பவுடர் போட்ட மாதிரி இருக்கு,” என்றாள் பர்வீன்.

“நல்லா இருக்கு, நல்லா இருக்கு,” என்றார் லோகண்ணன். இரண்டு தடவை சொன்னார். அப்படியென்றால் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 20

நன்றாக இல்லையாம். லோகண்ணன் ராத்திரி யோசித்தாராம். நேற்றே சொல்லித் தொலைத்தால் என்ன?

ஜூன் 23

முன்னூற்றெட்டையும் வரிசையாக மாட்டிப் படமெடுத்துச் சுவரில் ஒட்டினேன். ஒன்றுகூடப் பொய் சொல்லவில்லை. கோபம் இருக்கிறது, தூக்கம் இருக்கிறது, புளிப்பு மாங்காய் கடித்த முகம் இருக்கிறது. பொய் இல்லை.

“பொய் சொல்றவங்க முகத்தப் பாத்துச் செய்ங்க,” என்றாள் பர்வீன்.

“எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. மூஞ்சிக்கு நேராச் சொல்லித்தான் பழக்கம்.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு பொம்மையின் முழங்கையில் திருகாணியை முறுக்கப் போய்விட்டாள்.

ஜூன் 26

அப்பா கூப்பிட்டார். எப்போதும் வீடியோ கால்தான். முப்பது வருடத் தறிச் சத்தத்தில் அவருக்குக் காது பாதி போய்விட்டது, என் உதட்டைப் பார்த்துத்தான் பேசுவார். வருஷ உயர்வு வந்துவிட்டது என்றேன். எவ்வளவு என்று கேட்டார். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

பிரிண்டரில் ஊற்றும் ரெசின் தீர்ந்துவிட்டது.

ஜூலை 1

பர்வீனோடு சண்டை. அவளுக்கு ஒரு பழக்கம். டீக்கடைக்காரர், கொரியர்காரர் என்று யார் முகத்தையும் போனில் பிடித்து வைத்துக்கொள்வாள், பொம்மையை அசைக்க உதவுமாம். இன்று என்னைக் கணினி முன் உட்காரவைத்து ஒரு வீடியோ போட்டாள். மாடிப்படியில் நின்று அப்பாவோடு பேசுகிறேன். என்னைக் கேட்காமல் எடுத்திருக்கிறாள்.

“உங்களுக்கு வெக்கமே இல்லையா?”

“திட்டறத அப்புறம் திட்டுங்க. மொதல்ல முகத்தப் பாருங்க. இங்க ‘வேலை ஜாஸ்திப்பா’ன்னு சொல்றீங்க. நிறுத்தி நிறுத்திப் பாருங்க.”

“இது பொய் சொல்ற முகம் இல்ல. காது கேக்காதவர்கிட்டப் பேசற முகம். அப்படித்தான் இழுத்து இழுத்துப் பேசணும்.”

“செரி. அப்படியே வெச்சுக்குவோம்,” என்றாள்.

ஜூலை 2

வந்துவிட்டது! வந்துவிட்டது!

அந்த வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாகப் பார்த்தேன். விநாடிக்கு இருபத்துநான்கு. “உண்டுட்டேன்ப்பா” என்று சொல்லும் இடத்தில் (அன்று நான் நிஜமாகவே உண்டிருந்தேன்) புருவமும் வாயும் ஒன்றாகக் கிளம்புகின்றன. “வேலை ஜாஸ்தி” என்ற இடத்தில் புருவம் ஐந்து ஃபிரேம் முன்னாலேயே ஏறிவிடுகிறது! எதிராளி நம்புகிறாரா என்று முதலில் புருவம் போய் எட்டிப் பார்க்கிறது. அதற்குப் பிறகுதான் வாய் வருகிறது. வாயிலும் இடது ஓரம் மட்டும் மேலே போகிறது, வலது ஓரம் அசையவில்லை. சொல்லி முடித்தபின் சிரிப்பு பதினோரு ஃபிரேம் கூடுதலாக நிற்கிறது, பஸ் போன பிறகும் கையைக் காட்டிக்கொண்டிருப்பவன் மாதிரி.

நான் என்ன செய்திருக்கிறேன்? இரண்டு பாதியும் ஒரே அச்சாக ‘மிரர்’ போட்டு வைத்திருக்கிறேன். பம்ப் மூடிக்கு இடது வலது ஒன்றுதான். மனிதனுக்கு இல்லை. புருவத்தையும் வாயையும் ஒரே ஃபிரேமில் வேறு மாற்றச் சொல்லிப் பட்டியல் கொடுத்திருக்கிறேன். முன்னூற்றெட்டும் யோக்கியர்கள். எப்படிப் பொய் சொல்வார்கள்?

பர்வீனிடம் ஓடிப்போய், “அஞ்சு ஃபிரேம்! அஞ்சு ஃபிரேம்!” என்று கத்தினேன். அவள் தேங்காய்ப் பன் தின்றுகொண்டிருந்தாள். பன்னை வாயில் வைத்தபடியே எழுந்து நின்று புருவத்தை மட்டும் தூக்கிக் காட்டினாள். லோகண்ணன் சிரித்துச் சிரித்து இருமினார்.

பொதுவாக மனிதர்களுக்கு இப்படித்தான் போலிருக்கிறது. என் முகம் ஒரு உதாரணம், அவ்வளவுதான்.

ஜூலை 5

இருபத்திரண்டு வாயையும் தூக்கிப் போட்டேன். மனசு ஆறவில்லை. இரண்டு நிமிடம்.

ஜூலை 11

ஒரு தட்டில் ஆறு வாய், ஐந்து மணி நேரம். அச்சானதும் ஸ்பிரிட்டில் கழுவி, வெயிலில் வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, நிறம் பூச வேண்டும். கரண்ட் இரண்டு தடவை போய் பன்னிரண்டு வாய் பாழ். போனால் போகட்டும். இடது ஓரம் கால் மில்லிமீட்டர் ஏறிய வாய், அரை மில்லிமீட்டர் ஏறிய வாய், முக்கால் என்று போகிறது. கால் மில்லியில் ஒருத்தி கூச்சப்படுகிறாள், முக்காலில் கிண்டல் செய்கிறாள்! இதை எந்தக் கல்லூரியில் சொல்லித்தந்தார்கள்?

அப்பா இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். எடுக்கவில்லை. கையெல்லாம் ரெசின்.

ஜூலை 15

லோகண்ணன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். தயாரிப்பாளர்கள் கேட்டார்களாம், குரல் இல்லாமல் யாருக்குப் புரியும், பின்னணியில் ஒரு பெண் குரல் பேசினால் என்ன என்று. “யோசிக்கறோம்னு சொல்லிட்டேன் தரணி,” என்கிறார்.

“முடியாதுன்னு சொல்லுங்கண்ணா.”

“அப்படியெல்லாம் மூஞ்சில அடிச்ச மாதிரிச் சொல்ல முடியாதுப்பா.”

“குரல் போட்டா ருக்கு பொய் சொல்றான்னு குரலே சொல்லிரும். பொறவு எதுக்கு நான்? ரேடியோ நாடகம் போடுங்க.”

பர்வீன் எனக்காகப் பேசினாள். முதல் தடவை. முடிவு: குரல் இல்லாமலே அனுப்புவோம். பார்த்தவுடன் புரியவில்லை என்றால் படம் போச்சு.

ஜூலை 18

மூன்று விநாடி மட்டும் எடுத்துப் பார்த்தோம். ருக்குவின் புருவம் ஏறுகிறது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு “உண்டேன்.” இடது ஓரம். சிரிப்பு போகாமல் நிற்கிறது.

மறுபடி ஓட்டிப் பார்த்தோம். பிறகு லோகண்ணன் தெருமுனைக் கடையிலிருந்து பரோட்டா வாங்கிவந்தார். “இவளுக்கு ஒண்ணு குடுங்கடா,” என்றார், பொம்மையைக் காட்டி.

நல்லா இருக்கு என்று இன்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஜூலை 22

படப்பிடிப்பு. இருபது விநாடி, இருநூற்று நாற்பது நிலை, ஆறு நாள். ஹாலின் தரைக்கல் ஆடுகிறது. யாராவது நடந்தால் கேமரா அசைந்து முழு ஷாட்டும் போய்விடும். பர்வீன் தரையில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறாள். தாண்டினால் கொலை என்றாள். அவள் எண்ணும்போது யாரும் பேசவும் கூடாது. நான் உள்ளே தட்டோடு உட்கார்ந்து, கேட்கும் எண்ணின் வாயை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பொறுமை இல்லாதவனுக்கு நல்ல தண்டனை.

ஜூலை 27

கடைசி நாள். முப்பத்தெட்டு நிலை பாக்கி. காலை பதினொரு மணி இருக்கும், வாசலில் செருப்பு கழற்றும் சத்தம். கொரியர் என்று நினைத்தேன்.

அப்பா.

பர்வீன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை உயர்த்தினாள், அங்கேயே நில் என்று. அப்பா டேப்புக்கு வெளியே நின்றுவிட்டார். என்னால் எழுந்திருக்க முடியாது. கத்தினால் பர்வீன் எண்ணிக்கை தப்பும், மெல்லச் சொன்னால் அப்பாவுக்குக் கேட்காது. நடுவில் பொம்மைத் தறி இரண்டு, விளக்கு மூன்று.

அப்பா புருவத்தைத் தூக்கினார். தறிக்கூடத்தில் கூப்பிடுவது அப்படித்தான். உதடு மட்டும் அசைந்தது. “கம்பெனிக்குப் போனேன். அங்கதான் இந்த வெலாசம் குடுத்தாங்க.”

கையிலிருந்த வாயைத் தட்டில் வைத்தேன்.

“எத்தன நாளாச்சு?”

விரல் மூன்று காட்டினேன்.

“மாசமா?”

தலையாட்டினேன்.

“ஏன்டா சொல்லல?”

தட்டில் நூற்றுக்கு மேல் வாயும் புருவமும் இருக்கின்றன. என் மூஞ்சியில் ஒன்றும் வரவில்லை. “வாய் பதினேழு,” என்றாள் பர்வீன். பதினெட்டைக் கொடுத்தேன். அவள் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். ஆறு நாளில் முதல் தப்பு.

அப்பா போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கதவு நிலையில் சாயக்கூட இல்லை. அவர் என்னைப் பார்ப்பதும் நான் தட்டைப் பார்ப்பதுமாக ஒரு மணி நேரம் போனது. முகத்தில் கோபம் இருந்தது, அது எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். வேறு ஏதோவும் இருந்தது. அதை அளக்கவில்லை.

இருநூற்று இருபதாவது நிலையில் பர்வீன் சரிபார்க்க எடுத்ததை ஓட்டினாள். திரையில் தெய்வானை கேட்டாள். ருக்கு புருவம் ஏற்றி, “உண்டேன்” என்றாள். அப்பா எட்டிப் பார்த்தார். மறுபடி ஓட்டினாள், மறுபடி பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, உதட்டை மட்டும் அசைத்து:

“அந்தப் புள்ள பொய் சொல்லுது. வயித்துல ஒண்ணுமில்ல.”

எழுந்து குதித்திருப்பேன்! தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் கதை சொல்லவில்லை, குரல் இல்லை, தறிக்கூடக்காரர் ஒருவர் வாசலில் நின்று பார்த்துச் சொல்கிறார்! நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியதும் லோகண்ணன் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

கடைசி நிலை முடிந்ததும் பர்வீன், “ஆச்சு,” என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா வாயைத் திறந்தார். அவர் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

“டேய், வூட்டுக்கு வா, பேசிக்கறேன்!”

இறங்கிப் போய்விட்டார்.

“உங்க அப்பாவா?” என்றாள் பர்வீன். “மூணு மணி நேரம் கால் மாத்தாம நின்னாரு. நம்ம கேமரா ஸ்டாண்டுக்குக்கூட அந்த நிதானம் இல்ல.”

ஜூலை 28

அனுப்பியாயிற்று.

ஜூலை 30

சோமனூர் போனேன். அம்மா எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டினாள். அப்பா தறிக்கூடத்திலேயே இருந்தார். நான் உள்ளே போய்த் தறிக்கு எதிரே நின்றேன். இழை அறுந்ததைக் கட்டி முடித்துத்தான் நிமிர்ந்தார்.

“பொம்ம செய்யறது தப்பில்ல,” என்றார், உதட்டால். “எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொன்ன பாரு, அதான்.”

தலையாட்டினேன்.

“வேல கெடச்சா போன் பண்ணு. கெடைக்கலைன்னா அதையும் சொல்லு. சும்மா பண்ணாத.”

திரும்பி வரும் பஸ்ஸில் நிற்க இடமில்லை.

ஆகஸ்ட் 4

முதலிலிருந்து எழுதுகிறேன்.

சென்னைக்காரர்கள் மூன்று பேர் திரையில். மாதிரியை இன்னொரு தடவை ஓட்டினார்கள். குரல் வேண்டும் என்று கேட்டது நடுவில் இருந்த அம்மாதானாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

“சாப்டேன்னுதானே சொல்றாங்க? ஆனா சாப்பிடல, இல்ல? ஏன் பொய் சொல்றாங்க?”

லோகண்ணன் மரியாதையாக ஏதோ ஆரம்பித்தார். நான் முந்திக்கொண்டேன். “மேடம், அது மிச்ச ஏழரை நிமிஷத்துல இருக்கு. எடுக்க விட்டாத்தான் தெரியும்.”

லோகண்ணன் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். அந்த அம்மா சிரித்தார். புருவமும் வாயும் ஒன்றாகத்தான் கிளம்பின, பார்த்துக்கொண்டே இருந்தேன். “எடுங்க,” என்றார். “குரல் வேணாம்.”

பர்வீன் பெங்களூருக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டாள். லோகண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார், கேட்டால் ரெசின் வாசனை என்கிறார். எட்டு நிமிடத்துக்கு எத்தனை முகம் என்று கணக்குப் போட்டேன். ஆயிரத்து நூறு! ஒன்றுக்கும் ‘மிரர்’ கிடையாது.

மாடிப்படிக்குப் போய் அப்பாவைக் கூப்பிட்டேன். எடுத்தார். பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. போனை எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டுக் கிட்ட வந்தார்.

“வேலை கெடச்சிருச்சுப்பா. ஒரு வருஷம். பொம்மைக்கு முகம் செய்யற வேலைதான்.”

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரைக்கு இன்னும் நெருங்கினார்.

“இன்னொருக்கா சொல்லு.”

சொன்னேன்.

நெற்றியைப் பார்த்தார். வாயைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“செரி,” என்றார். “நெசந்தான்.”